1957 பட்டியலில் சிதம்பரத்துக்கு ஏன் இரண்டு எம்.எல்.ஏ.?

பழைய தேர்தல் முடிவுகளைப் பகிரும்போதெல்லாம் இந்தக் குழப்பம் வருகிறது. 1957 சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் பட்டியலில் சிதம்பரத்துக்கு நேரே இரண்டு பெயர்: வாகீசம் பிள்ளை, சுவாமி சகஜானந்தா. பெரம்பூருக்கு நேரே பக்கிரிசாமி பிள்ளை, சத்தியவாணி முத்து. உடனே கீழே "அச்சுப் பிழையா?", "ஒருத்தர் இறந்து இடைத்தேர்தல் வந்திருக்குமோ?" என்று கேட்கிறார்கள். பிழை இல்லை. ஒரே தொகுதி, ஒரே வாக்காளர்கள், ஒரே நாளில் இரண்டு உறுப்பினர்கள். இரட்டை உறுப்பினர் தொகுதி என்று பெயர். ஒன்று பொது இடம், இன்னொன்று பட்டியல் சாதியினருக்கு (சில இடங்களில் பழங்குடியினருக்கு) ஒதுக்கிய இடம். 1952, 1957 ஆகிய இரண்டே பொதுத் தேர்தல்களோடு கதை முடிந்தது.

அளவைப் பாருங்கள். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த 1952 சென்னை மாகாணத்தில் 375 இடங்கள், ஆனால் தொகுதிகள் 309தான். 66 தொகுதிகள் இரட்டை. மொழிவழிப் பிரிவினைக்குப் பிறகு 1957ல் 205 இடங்கள், 167 தொகுதிகள், அதில் 38 இரட்டை. ஐந்தில் ஒரு தொகுதிக்கும் மேல் இப்படித்தான் தேர்ந்தெடுத்தது. இது ஏதோ ஓரத்தில் நடந்த பரிசோதனை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஓட்டு எப்படிப் போட்டார்கள் என்பதுதான் முக்கியம். அப்போது சீட்டில் பெயரும் இல்லை, முத்திரை குத்துவதும் இல்லை. மறைவிடத்தில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவர் சின்னம். வேண்டியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். இரட்டைத் தொகுதியில் ஆளுக்கு இரண்டு சீட்டு. இரண்டையும் இரண்டு வேறு வேட்பாளர்களுக்குப் போடலாம், அல்லது ஒன்றை மட்டும் போட்டு மற்றதை விட்டுவிடலாம். இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது. போட்டால் ஒன்றுதான் செல்லும். 1952ல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்தது. இரண்டுமே இரட்டையாக அமைந்த ஊரில் ஒரு வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள். எழுத்தறியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த காலம் அது. எத்தனை சீட்டு தவறான பெட்டிக்குப் போயிருக்கும்!

அதன் விலையை அம்பேத்கரே கொடுத்தார். 1952ல் பம்பாய் வடக்கு இரட்டை மக்களவைத் தொகுதி. ஒதுக்கீட்டு இடத்தில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் 14,561 ஓட்டில் தோற்றார். அம்பேத்கரும் பொது இடத்துக்கு நின்ற சோஷலிஸ்ட் அசோக் மேத்தாவும் தொடுத்த தேர்தல் வழக்கில், எண்ணாமல் கழித்த சீட்டுகள் 74,333 என்று சுட்டிக்காட்டினார்கள். இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒன்றை வீணாக்கச் சொல்லி எதிர்த்தரப்பு பிரசாரம் செய்தது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தோல்வி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு சீட்டுகள்!

எண்ணும் முறையில் இன்னொரு நுட்பம். முதலில் ஒதுக்கீட்டு இடம்: அதற்குத் தகுதியுள்ளவர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு அது போகும், ஒட்டுமொத்தத்தில் அவர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்திருந்தாலும். பிறகு பொது இடம்: மீதமுள்ள எல்லோரிலும் யார் அதிகமோ அவருக்கு. "எல்லோரிலும்" என்றால் பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களும் சேர்த்துத்தான். இந்த இடத்தில்தான் வெடித்தது.

1957ல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதி, பழங்குடி ஒதுக்கீட்டோடு இரட்டை. காங்கிரஸ் சார்பில் பொது இடத்துக்கு நின்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். முதல் இரண்டு இடங்களிலும் பழங்குடியினரே வந்தார்கள்: காங்கிரசின் சத்யநாராயண தோராவும் சோஷலிஸ்ட் சூரி தோராவும். கிரி மூன்றாவது. ஒதுக்கீட்டு இடம் சத்யநாராயணாவுக்கு, பொது இடம் சூரி தோராவுக்கு. ஒதுக்கீட்டு இடத்துக்கென்று மனுவில் அறிவித்தவர் பொது இடத்தை எப்படி எடுக்கலாம் என்று கிரி தரப்பு வழக்காடியது. 1959ல் உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. ஒதுக்கீடு கூடுதலாகத் தரப்பட்ட உரிமை, அதைக் கேட்டதால் பொது இடத்துக்கான உரிமை போய்விடாது என்பது தீர்ப்பின் சாரம். இட ஒதுக்கீட்டு வழக்குகளில் இன்றும் நாம் வாதாடுகிற அதே கொள்கை!

1961ல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். பரப்பு பெரிது, செலவு அதிகம், ஓர் இடம் காலியானாலும் முழுத் தொகுதியும் ஓட்டுப்போட வேண்டும் என்ற குறைகள் எல்லாம் உண்மையே. ஆனால் பார்வதிபுரம் நடக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு அவசரம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். பொது இடத்தையும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் பெரிய ஆட்களுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு இரட்டைத் தொகுதியையும் இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஒதுக்கீட்டுக்கான தனித் தொகுதி ஆக்கினார்கள். மறு பாதியில் இருந்த பட்டியலின மக்களுக்கு, அதுவரை தாங்களும் ஓட்டுப்போட்டு அனுப்பிய சொந்தப் பிரதிநிதி ஒரே நாளில் இல்லாமல் போனார். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இரட்டைத் தொகுதி எல்லாவற்றையும் தீர்த்தது என்று சொல்லவில்லை. பட்டியலின உறுப்பினரையும் எல்லாச் சாதியும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தது. ஆதிக்கச் சாதிகளின் தயவு தேவைப்பட்ட நிலை அன்றும் இருந்தது. ஆனால் "எங்க ஆள் நிற்கவே முடியாத தொகுதி" என்ற ஆதிக்கச் சாதியினரின் புகைச்சலுக்கு இடமே இல்லை, பொது இடம் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் புகைச்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய மதுரை மாவட்ட ஊராட்சிகளான பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டு ஊராட்சித் தேர்தலே நடக்கவிடாமல் செய்தபோது பார்த்தோம். இன்று 234ல் தனித் தொகுதிகள் 44ம் பழங்குடியினருக்கு 2ம். மீதித் தொகுதிகளில் பட்டியலினத்தவரை நிறுத்த பெரிய கட்சிகளுக்கு எளிதில் மனம் வருவதில்லை.

இந்தத் தேர்தல்களை ஆராய்பவர்களுக்குச் சில குறிப்புகள். இரட்டைத் தொகுதியில் பதிவான ஓட்டை அப்படியே வாக்காளர் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். நூறு சதவீதத்தைத் தாண்டினாலும் தாண்டும். பாதியாக்கிக்கொண்டால்கூடக் கிடைப்பது குறைந்தபட்சக் கணக்குதான், ஏனென்றால் ஒரு சீட்டு மட்டும் போட்டவர்களும் உண்டு. டெபாசிட் தப்பிக்கும் எல்லை மொத்த ஓட்டில் ஆறில் ஒரு பங்கு இல்லை. அதையும் இரண்டால் வகுக்க வேண்டும், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள இடைவெளியை "வெற்றி வித்தியாசம்" என்று எழுதுவது பெரிய தவறு, இருவருமே வென்றிருக்கலாம். 1957ல் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் இல்லாததால் சத்தியவாணி முத்து பட்டியலில் சுயேச்சை என்றே இருப்பார்.

சிதம்பரம் சட்டமன்றத் தொகுதி இன்று பொது. பக்கத்துக் காட்டுமன்னார்கோவில் தனி. அன்று ஒதுக்கீட்டு உறுப்பினராக இருந்த சகஜானந்தா கட்டிய நந்தனார் பள்ளி இருப்பது சிதம்பரத்தில்.