"அலை ஒரு மீட்டர்தானே"ன்னு கிளம்புறவங்களுக்கு

சின்ன போட்ல சும்மா பொழுதுபோக்குக்கு தூண்டில் போடப் போறவங்க வாட்ஸப் குரூப் எதை எடுத்தாலும் வாரக்கடைசி வந்தா ஒரே கேள்விதான், "நாளைக்கு அலை எவ்ளோ?" யாராவது ஒருத்தர் வானிலை ஆப் ஸ்கிரீன்ஷாட் போடுவார், 0.9 மீட்டர்னு இருக்கும், கீழ வரிசையா கட்டைவிரல் எமோஜி, அவ்ளோதான் மீட்டிங் முடிஞ்சுது, காலைல எத்தனை மணிக்கு, யார் இரை வாங்குறதுன்னு பேச்சு போயிடும். எனக்கு இதைப் பாத்தாலே எரிச்சலா வரும். கேள்வியே பாதிக் கேள்வி, அதுக்கு வந்த பதிலும் பாதிப் பதில்.

முதல்ல அந்த 0.9 என்னன்னு பாப்போம். அது அன்னைக்கு வரப்போற பெரிய அலையோட உயரம் கிடையாது. வர்ற அலையை எல்லாம் உயரப்படி வரிசையா அடுக்கி, மேல இருக்கற மூணுல ஒரு பங்கை மட்டும் எடுத்து அதுக்கு சராசரி போட்டா வர்ற நம்பர். சராசரின்னா அதுக்கு மேலயும் அலை வரும்தானே, ஏழு அலைக்கு ஒண்ணு அதைத் தாண்டும், ஆயிரம் அலை வந்தா அதுல ஒண்ணு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரத்துக்கு வரும். ஆயிரம்னதும் நிறைய மாதிரி இருக்கும், அஞ்சு செகண்டுக்கு ஒரு அலைன்னு வெச்சா ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அப்போ 0.9னு பாத்துட்டுப் போனவர் அன்னைக்கு ஒண்ணேமுக்கால் மீட்டர் அலை ஒண்ணை பாத்துட்டுத்தான் வருவார், அது வர்றப்போ போட் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கறதுதான் விஷயமே.

அடுத்து, அதே ஸ்கிரீன்ஷாட்ல உயரத்துக்குப் பக்கத்துலயே செகண்ட்ல ஒரு நம்பர் இருக்கும், ரெண்டு அலைக்கு நடுவுல எவ்ளோ நேரம்னு. அதை யாரும் படிக்கறதே இல்ல. என்னைக் கேட்டா உயரத்தைவிட அதைத்தான் முதல்ல பாக்கணும். ஆழமான தண்ணில நாலு செகண்ட் அலைக்கு ஒரு முகட்டுலேர்ந்து அடுத்த முகடு 25 மீட்டர் தூரம்தான், பத்து செகண்ட் அலைன்னா 150 மீட்டருக்கு மேல. உயரம் ரெண்டுக்கும் ஒரு மீட்டர்தான்னு வைங்க. பத்து செகண்ட்ல வர்ற அலை உங்களை மெதுவா தூக்கி மெதுவா இறக்கி விட்டுட்டுப் போயிடும், பாதி பேருக்கு அலை வந்ததே தெரியாது. நாலு செகண்ட் அலைல அஞ்சு மீட்டர் போட்டோட மூக்கு ஒண்ணுலேர்ந்து இறங்கி நிமிர்றதுக்குள்ள அடுத்தது வந்து முகத்துல அறையும், தண்ணி உள்ள வரும், பில்ஜ் பம்ப் (உள்ள வந்த தண்ணியை வெளிய தள்ற பம்ப்) ஓடிட்டே இருக்கும், எல்லாரும் ஒரு கையால கம்பியைப் பிடிச்சுட்டு நிப்பாங்க.

அப்போ செகண்ட் ஜாஸ்தின்னா நிம்மதியான்னு கேட்டா, வெளிய ஆழத்துல ஆமா. ஆழம் கம்மியா இருக்கற மணல்மேட்டுலயும் முகத்துவாரத்துலயும் கதை தலைகீழ். தூரத்துல எங்கயோ அடிச்ச புயல்லேர்ந்து வர்ற பதினாலு செகண்ட் அலை, காத்தே இல்லாத நாள்ல வெளிய தூங்கற மாதிரி இருக்கும், தரை தட்டற இடத்துக்கு வந்ததும் எழும்பி நிக்கும். தோராயமா அலையோட உயரத்தைப்போல 1.3 மடங்கு ஆழம் இருக்கற இடத்துல அது உடையும். அதுவும் ஒண்ணொண்ணா வராது, கூட்டமா வரும், நடுவுல நல்லா அமைதி. அதனால முகத்துவாரத்துல ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "சும்மாதான்பா இருக்கு"ன்னு இறங்கக்கூடாது, கால் மணி நேரமாவது நின்னு பாக்கணும்.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியம்னு படறது. கிளம்பற நேரத்துக் கடலைப் பாத்து முடிவு பண்றதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு, திரும்பற நேரத்துக் கடலைத்தான் பாக்கணும். காலைல கடல் எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். ஒரு சாதாரண நாளை எடுத்துக்குங்க, காலைல 8 மணிக்கு ஏத்தம், அதாவது கடல் தண்ணி ஏறி வர்றது, முழுசா ஆகுது. 6 மணிக்கு நீங்க வெளிய போறப்போ தண்ணி உள்ள வந்துட்டு இருக்கு, கரைலேர்ந்து லேசா காத்து, முகத்துவாரம் வழவழன்னு இருக்கும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவீங்க. 11 மணிக்கு மேல வெயில் ஏறி மீன் அடங்கினதும் திரும்புறீங்க. இப்போ வத்தத்தோட, அதாவது தண்ணி இறங்கறதோட, நடு நேரம். ஆறு மணி நேர வத்தத்துல மூணாவது நாலாவது மணி நேரத்துல மட்டும் பாதித் தண்ணி இறங்கிடும், அவ்ளோ வேகமா அது வெளிய பாயுது. தரை சூடாகி கடல்காத்து ஆரம்பிச்சாச்சு, அது உள்ள பாத்து அடிக்குது. அலையும் உள்ள பாத்துதான் வருது. ஓடற தண்ணி மேல எதிர்க்காத்தும் எதிர் அலையும் மோதினா அலை நெருங்கி, செங்குத்தா எழும்பி, அங்கயே உடையும். காலைல வழவழன்னு இருந்த அதே இடம், அதே நாள், ஆப்ல போட்ட நம்பர் பெருசா மாறல. நீங்களோ அதுக்குள்ள அலைக்கு முதுகைக் காட்டிட்டு வர்றீங்க, பின்னாடி வர்ற அலை போட்டோட பின்பக்கத்தைத் தூக்கினா மூக்கு குத்தி போட் குறுக்க திரும்பிடும், முகத்துவாரத்துல சின்ன போட் பல நேரம் இப்படித்தான் கவுரும். ஏத்தவத்தக் கணக்கு முகத்துவாரத்துக்கு முகத்துவாரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா கணக்கே போடாம போறதுக்கு அது சாக்கு ஆகாது. மூணு மணி நேரம் பொறுத்து தண்ணி நின்னப்புறம் உள்ள வந்தா என்ன குறைஞ்சிடும்?

காத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. 10 நாட் காத்து (ஒரு நாட்னா மணிக்கு சுமார் 1.8 கிலோமீட்டர் வேகம்) 20 நாட் ஆனா அது தள்ளற பலம் நாலு மடங்கு ஆகுது. ஆப்ல போடறதும் சராசரிதான், இடையில வர்ற வீச்சு 40 சதவீதம்கூட ஜாஸ்தியா இருக்கலாம். அங்கங்க வெள்ளை நுரை தெரிய ஆரம்பிச்சா 7லேர்ந்து 10 நாட், பாக்கற பக்கமெல்லாம் நுரைன்னா 11ஐத் தாண்டியாச்சுன்னு அர்த்தம், நான் அங்கயே தூண்டிலைச் சுருட்டிடுவேன். கரைலேர்ந்து கடல் பக்கமா அடிக்கற காத்துதான் நயவஞ்சகம். கரைல நின்னு பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், அலை வளர்றதுக்கு அங்க இடம் இல்ல, அதான். ரெண்டு மூணு கிலோமீட்டர் போனாதான் அதோட வேலை தெரியும், இஞ்சின் நின்னுடுச்சுன்னா உங்களைக் கூட்டிட்டுப் போற திசையும் அதுதான். கயாக், காத்தடிச்ச ரப்பர் போட் வெச்சிருக்கவங்க அன்னைக்கு வீட்ல இருந்துடலாம்.

இடி கேட்டுச்சுன்னா யோசிக்கவே வேணாம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல 30 செகண்டுன்னா அது பத்து கிலோமீட்டர்ல இருக்கு, அந்த ஏரியா முழுக்க தலை தூக்கி நிக்கறது நீங்களும் உங்க தூண்டில் ராடும் மட்டும்தான்.

"எங்க போட் தாங்கும்"னு ஒரு கமெண்ட் கண்டிப்பா வரும். ஐரோப்பாவுல விக்கற போட்ல தகடு அடிச்சு எவ்ளோ அலைக்குத் தாங்கும்னு கேட்டகரி போட்டிருப்பாங்க. டி-ன்னா அலை 0.3 மீட்டர், எப்பவாவது 0.5 வரைக்கும், சி-ன்னா 2 மீட்டர் வரைக்கும். அதுவும் அந்தத் தகட்டுல போட்டிருக்கற ஆள் கணக்குக்கும் பாரத்துக்கும்தான். நாம ரெண்டு ஐஸ் பெட்டி, கூட ஒரு மச்சான்னு ஏத்திட்டு போட் தண்ணில ஒரு சாண் இறங்கினப்புறம் அந்த நம்பரை நம்பறதுல என்ன இருக்கு. இன்னொருத்தர் "மீனவர்கள் தினம் போறாங்களே"ம்பார். அவங்க போறாங்க, அவங்க அந்தக் கடலை தினம் பாக்கறாங்க. நாம மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பாக்கறோம்.

நிஜமா முடிவைக் கெடுக்கறது கடல் கிடையாது, இரை வாங்கியாச்சு, லீவு போட்டாச்சு, ஒருத்தர் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டார், இதெல்லாம்தான். அதனால என் பழக்கம் இது. முந்தின ராத்திரியே எத்தனை நாட், எத்தனை செகண்ட், எத்தனை மணிக்கு உள்ள வரணும்னு எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுவேன், கரைல இருக்கற ஒருத்தருக்கும் சேத்து. காலைல கரைல நின்னு பாத்து, போலாம்னு இருந்ததை வேணாம்னு மாத்தலாம், வேணாம்னு இருந்ததை போலாம்னு மாத்தக்கூடாது. ஆப்ல ரெண்டு கணிப்பு மாடல் ரெண்டு விதமா சொல்லுச்சுன்னா மோசமா சொல்றதைத்தான் எடுத்துக்கணும், நமக்கு வசதியானதை இல்ல. கூட வர்றவங்கள்ல புதுசா வர்ற ஆள் பயமா இருக்குன்னா அன்னைக்கு ட்ரிப் கிடையாது, கிண்டல் பண்றவனை அடுத்த தடவை கூப்பிடறதும் கிடையாது.

இன்னொண்ணு, இடத்துக்குப் போனதும் தூண்டிலை எடுக்கறதுக்கு முன்னாடி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருந்து ஜிபிஎஸ்ஸைப் பாருங்க. ஒரு நாட் நகர்ந்தா ஒரு மணி நேரத்துல 1.8 கிலோமீட்டர். எந்தப் பக்கம் இழுக்குதுன்னும் அதுலயே தெரிஞ்சிடும். வெளிப்பக்கமா இழுத்துச்சுன்னா நங்கூரக் கயிறு ஆழத்துக்கு அஞ்சு மடங்காவது இருக்கான்னு பாப்பேன், இல்லன்னா ஃபிஷ்ஃபைண்டர்ல மீன் கொழிச்சாலும் கரைப்பக்கமா தள்ளி வந்துதான் தூண்டில் போடுவேன்.