பத்தாவது ஆளின் பெயரையும் எழுதுங்கள்

பெங்களூரு பீன்யாவில் சிறு பட்டறை நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கு, அதே தொழிலில் இருக்கும் ஒருவனின் வேண்டுகோள் இது. சம்பளப் பதிவேட்டை ஒன்பது பெயரோடு நிறுத்துவதை விட்டுவிடுங்கள்.

பட்டறையில் பதினான்கு பேர் நிற்பார்கள், பதிவேட்டில் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில் ரொக்கக் கூலி. பத்துப் பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) வந்துவிடும், வந்தபின் ஆள் குறைந்தாலும் போகாது என்ற பயம்தான் காரணம்.

அப்படி எவ்வளவுதான் மிச்சமாகிறது? மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் ஈ.எஸ்.ஐ. சந்தாவில் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். தொழிலாளியிடம் பிடிப்பது 135 ரூபாய். ஒரு டிரில் பிட் உடைந்தால் இதைவிட அதிகம் செலவழிக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் ஒரு பையனின் ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. தருமபுரிப் பக்கத்துப் பையன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிரஸ்ஸின் காப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். பழைய துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றித் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். முதல் பில்லை முதலாளி கட்டினார். அடுத்த வாரம் கூலி இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. அவன் பெயர்தான் எந்தத் தாளிலும் இல்லையே! பதிவு இருந்திருந்தால் சிகிச்சைக்குக் காசு கேட்டிருக்க மாட்டார்கள். வேலைக்குத் திரும்பும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் அவன் கணக்குக்கு வந்திருக்கும். சாதாரணக் காய்ச்சல், அறுவை சிகிச்சை என்றாலும், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதம் உண்டு.

ஒன்பது பேரோடு நிறுத்தினால் தப்பித்தோம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஈ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில் விபத்து நடந்தால், நஷ்டஈடு முழுவதும் முதலாளியின் தலையில்தான். 1923-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படித்தான். ஈ.எஸ்.ஐ. இருந்தால் அந்தப் பொறுப்பை அதை நடத்தும் ஈ.எஸ்.ஐ. கழகம் ஏற்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துக்குக் குறைவானவர்கள் இருக்கும் இடமும், முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாகவே சேரலாம்.

"பசங்களே பிடித்தம் வேண்டாம் என்கிறார்களே" என்பார்கள். உண்மைதான். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசை நீளம், அரை நாள் போய்விடும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அவர்களிடம் யார் உட்கார்ந்து சொல்கிறோம்? சேர்கிற அன்றைக்கே ஆதாரையும் குடும்ப விவரத்தையும் வாங்கிப் பதிந்து, அட்டையை அச்செடுத்துக் கையில் கொடுத்துப் பாருங்கள். அட்டையில் பிள்ளையின் பெயரைப் பார்த்தபின் 135 ரூபாயைப் பற்றி என்னிடம் யாரும் பேசியதில்லை.

கட்டுப்படியாகவில்லை என்றால், ஜாப் ஒர்க் கொடுக்கும் பெரிய கம்பெனிகளிடம் ரேட் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போகிறார்கள். அடுத்த தெருவில் இருக்கும் நீங்களும் அதே ரேட்டைச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?