எறும்பு மொய்க்காவிட்டால் நீரிழிவு இல்லையா?

“சிறுநீரில் எறும்பு மொய்க்காவிட்டால் சர்க்கரை நோய் இல்லை; இரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம்” என்னும் செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு, நம்பினால் நோய் தெரியாமலே முற்றிவிடும்.

சிறுநீரகங்கள் இரத்தத்திலிருந்து வடிகட்டும் குளுக்கோஸை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதால், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே அது பெரும்பாலோருக்குச் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. ஆனால் வெறும் வயிற்றில் 126 இருந்தாலே அது நீரிழிவின் அளவு. ஆகவே வெறும் வயிற்றில் 140 உள்ள ஒருவரின் சிறுநீரில் எறும்பு மொய்க்காமலும், சிறுநீரில் சர்க்கரையைக் காட்டும் சோதனைப் பட்டை நிறம் மாறாமலும் போகலாம். ஆயினும் அவருக்கு நீரிழிவு இருக்கக்கூடும். வயதானவர்களுக்கு இந்த வரம்பு 180-க்கும் மேலே போவதுண்டு என்பதால், அவர்கள் ஏமாற வாய்ப்பு அதிகம். மறுபுறம், கர்ப்பிணிகளுக்கும், டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோருக்கும் இரத்த அளவு இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை காணப்படலாம்.

நோயை உறுதிசெய்வது இரத்தப் பரிசோதனையே: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், அல்லது கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு பரிசோதனையாலும் இது உறுதிப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் இவ்வளவுகளைச் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இந்த விளக்கத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.