எச்-4 விசாவில் வந்த பெண்கள் ஏன் வேலைக்குப் போகவில்லை?

"அமெரிக்கா போயும் சும்மாதான் இருக்கிறாளா?" என்று ஊரில் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. எனக்குத் தெரிந்து எச்-4 விசாவில் இங்கே வந்த பெண்கள் யாரும் ஆசைப்பட்டு வீட்டில் இருக்கவில்லை. வேலை செய்யக் கூடாது என்று சட்டம் தடுத்து வைத்திருக்கிறது.

கணவருக்கு எச்-1பி என்கிற வேலை விசா என்றால், அவரைச் சார்ந்து வரும் மனைவிக்கு எச்-4. 2015 மே 26 வரை இந்த விசாவை வைத்துக்கொண்டு வேலை பார்க்க வழியே கிடையாது. ஒபாமா அரசு கொண்டுவந்த விதி அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஒரு பகுதிப் பெண்களுக்கு ஈஏடி என்கிற வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது. அதற்கும் கிரீன் கார்டுக்கான, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான, கணவருடைய ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீன் கார்டு நடைமுறை நடப்பதைக் காட்டி அவர் எச்-1பியின் ஆறு வருட வரம்பைத் தாண்டி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். அந்த மனுவைப் போடுவது கணவரின் கம்பெனி. "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று அவர்கள் தள்ளிப்போட்டால், சென்னையில் டீம் லீடாக இருந்தவளுக்கு இன்னொரு வருடம் வீட்டிலேயே போகிறது. அப்புறம் இன்டர்வியூவில் "இந்த இடைவெளி ஏன்?" என்ற கேள்விக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கிரீன் கார்டு வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 தான் தருகிறார்கள். பொதுவாக எந்த நாட்டுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியர்களின் வரிசை பத்து வருடங்களையும் தாண்டுகிறது. அதுவரை ஈஏடியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் பழைய அட்டை கொஞ்ச காலம் தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. புது அட்டை வருவதற்குள் பழையது காலாவதியானால், நல்ல வேலையில் இருப்பவளும் அன்றோடு நிறுத்த வேண்டியதுதான்.

கம்பெனியின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி எல்-1 விசாவில் வருபவரின் மனைவிக்கு இந்தத் தொல்லை இல்லை. 2021 நவம்பரிலிருந்து அந்த மனைவிக்குத் தரும் எல்-2 விசாவே வேலை அனுமதி. எச்-4க்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து. உள்ளூர்க்காரர்களின் வேலை போகும் என்று 2015 விதியை எதிர்த்தே வழக்குப் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியின் பக்கம் நின்றது. ஆனால் ஒரு அரசு விதியாகக் கொண்டுவந்ததை இன்னொரு அரசு எடுத்துவிடலாம். அந்தப் பயம் இருக்கும்வரை யார் நிம்மதியாக வேலையில் வளர முடியும்?

இன்னொன்று. விவாகரத்து ஆனால் எச்-4 அந்தஸ்தும் போய்விடும். சொந்த வருமானமும் இல்லாத பெண், வீட்டில் கொடுமை நடந்தாலும் வாயை மூடிக்கொள்கிறாள்.

பெண்ணைப் பெற்றவர்களே, மாப்பிள்ளையின் சம்பளத்தோடு விசாரிப்பை நிறுத்தாதீர்கள். ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது, ஆறு வருடத்தில் எத்தனை முடிந்தது என்று உங்கள் பெண்ணே அவரிடம் நேரடியாகக் கேட்கட்டும். ஊரில் இருக்கும் வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே கேட்கட்டும்.