வடலூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் இந்த ஆர்கானிக் விலை?

இயற்கை உணவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இப்போதெல்லாம் முதலில் வருவது விலைதான். புதுச்சேரியில் நான் வேலை செய்யும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இது அடிக்கடி நடக்கும். ஒருவர் சியா விதை என்பார், இன்னொருவர் கினோவா என்பார், மூன்றாவது ஆள் "அதெல்லாம் நம்ம சம்பளத்துக்குக் கட்டுபடியாகாதுங்க" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறப்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். நல்ல உணவு என்பது காசு உள்ளவர்கள் விஷயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. உடம்புக்குத் தெம்பும் மனசுக்குத் தெளிவும் தருகிற சாப்பாடு, கடலூர் புதுச்சேரிப் பக்கத்தில் வெகுகாலம் எளிய மக்களின் சாப்பாடாகத்தான் இருந்தது. அதை அவர்கள் தட்டிலிருந்து எடுத்து, அழகான பாட்டிலில் அடைத்து, எட்டாத விலை போட்டு அலமாரியில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

அந்த அலமாரியில் இருப்பதெல்லாம் இயற்கையும் இல்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் 'சிறுதானிய பிஸ்கட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்களில் முதல் பெயர் மைதா. அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். அதற்கும் கீழேதான் கேழ்வரகு. எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தில் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள். குழந்தைக்குச் சத்து என்று நம்பி வாங்கிக்கொண்டு போகிற தாய்மார்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

முழுத் தானியம் ஏன் தெம்பு தருகிறது என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு நெல்மணியில் உமிக்கு உள்ளே தவிடு, ஒரு ஓரத்தில் முளைக்கரு, நடுவில் மாவுப்பகுதி. நார்ச்சத்து, பி வைட்டமின்கள், தாது உப்புகள் இவற்றில் பெரும்பங்கு தவிட்டிலும் முளைக்கருவிலும்தான். பளபளவென்று தீட்டும்போது அந்த இரண்டும் போய், மாவு மட்டும் மிஞ்சுகிறது. அது வேகமாகச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும், பிறகு இறங்கும். மதியம் இரண்டரை மணிக்குக் கண்ணைச் சுழற்றுகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. நார்ச்சத்து கூட இருந்தால் அதே மாவுச்சத்து நிதானமாகச் செரிக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையே நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. 1890களில் ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பு தளர்ந்து, நடக்க முடியாமல் போகும் நோய் அது. அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே மாதிரி கால் தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத்தான் அவற்றுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைக் கோழிக்கெல்லாம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் தீட்டாத மட்ட அரிசியைப் போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. ஐக்மனுக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்தது தயமின் என்கிற பி1 வைட்டமின்.

நம் ஊரில் யாரும் ஆராய்ச்சிக்கூடம் வைக்காமலேயே நெல்லைப் புழுக்கி வைத்தார்கள். ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் உள்ள அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அதனால்தான் புழுங்கலரிசி சாப்பிட்ட ஊர்களில் பெரிபெரி அவ்வளவாக வரவில்லை. வீட்டில் சாதாரணப் புழுங்கலரிசி சாப்பிடுகிறவர்கள் தாழ்வாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை சம்பாவும் கருப்புக் கவுனியும் அருமையான பாரம்பரிய அரிசிகள். நெல் ஜெயராமன் போன்றவர்கள் வாழ்நாளைக் கொடுத்து மீட்ட செல்வம். முடிந்தவர்கள் வாங்குங்கள், அந்த விவசாயிகள் பிழைக்கட்டும். முடியாதவர்கள் அதிகம் தீட்டாத புழுங்கலரிசியில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரையையும் பருப்பையும் கூட்டினாலே பாதி தூரம் வந்தாயிற்று.

கூழுக்கு வருவோம். எனக்கு இதைப் பற்றிப் பேச அலுப்பதே இல்லை. ஆடி மாதம் எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். பக்குவம் தெரிந்தவர்கள் கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க விடுவார்கள். மறுநாள் நொய்யை வேகவைத்து அதில் புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் துழாவுவார்கள். ஆறிய பிறகு மோர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கிள்ளிப்போட்டு, மோர் மிளகாயோ மாங்காய்த் துண்டோ முருங்கைக்கீரைப் பொரியலோ வைத்துத் தருவார்கள். ஒரு சொம்பு குடித்துவிட்டு வெயிலில் போனால் மாலை வரைக்கும் பசி தெரியாது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே எடை பாலில் ஏறக்குறைய 120தான். கேழ்வரகில் இருக்கிற ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்பையும் இரும்பையும் உடம்பில் முழுதாகச் சேரவிடாது என்பதும் உண்மை. ஆனால் புளிக்கவைத்தால் அந்த அமிலம் குறையும். முதல்நாள் இரவே கரைத்து வைக்கும் பழக்கத்துக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கம்மங்கூழ், கேழ்வரகுக் கூழ் விற்கிறார்கள். ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் சாப்பிடுகிற காசில் வயிறு நிறையும். அதன் முன்னால் நின்று குடிக்க வெட்கப்படுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று பெரியவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம் கீரை. எங்கள் தெருவுக்குக் கூடையில் கீரை கொண்டு வரும் ஆயாவிடம் ஒருநாள், "கரிசலாங்கண்ணி கிடைக்குமா ஆயா?" என்று கேட்டேன். "அது வாய்க்கா ஓரமே கெடக்கு கண்ணு, யாரும் கேக்கறதில்லன்னு பறிக்கறதில்ல" என்றார். கேட்டதும் மனசு கனத்துப் போயிற்று. ஏனென்றால் எங்கள் கடலூர் மாவட்டத்தில்தான் வள்ளலார் பிறந்தார், வாழ்ந்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை ஆகியவற்றை அன்றாடம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். சீரகத்துடன் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கிற பழக்கம் சன்மார்க்க அன்பர்களிடம் இன்றும் இருக்கிறது. அவர் சொன்னது எதுவும் கடல் கடந்து வர வேண்டிய பொருளில்லை, வேலியிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைப்பவை. இன்று அதே கரிசாலைப் பொடி டப்பாவில் வருகிறது, ஆயாவின் கூடையில் கீரை வாடுகிறது. கீரையைப் பறிக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கடை கலக்கிற வாய்க்காலாக இருந்தால் வேண்டாம், ஒரு தொட்டியில் வளர்த்தாலே வளரும்.

மனசுக்குத் தெளிவு என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். உணவுக்கும் ஆன்மிகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சாத்விகம், ராஜசம் என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியலைவிட வடலூர் அடுப்புதான் பெரிய பதிலாகத் தெரிகிறது. 1867 மே 23ஆம் தேதி, பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் கேட்காமல் வருகிறவருக்கெல்லாம் சோறு. சத்திய ஞானசபை கட்டி ஜோதி வழிபாடு தொடங்கியது அதற்குப் பிறகுதான், 1872ல். முதலில் அடுப்பு, அப்புறம் ஜோதி. அந்த வரிசையை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பசித்தவனின் பசியை ஆற்றுவதே கடவுளை நோக்கிய வழி என்று அவர் போதித்தது வெறும் பேச்சில்லை. உண்ணும் அளவைப் பற்றி அவர் சொன்னதோ மிகச் சுருக்கம்: "ஆகாரம் அரை." வயிற்றில் பாதி.

தருமச்சாலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சோறு, குழம்பு, ரசம், மோர், அவ்வளவுதான். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. நடந்து வந்த களைப்பும் பசியும் சேர்ந்து அந்தச் சோற்றுக்கு ஒரு ருசி வரும். சாப்பிட்டு எழுந்து சபையைச் சுற்றி அந்தப் பெருவெளியில் நடக்கும்போது மனம் லேசாக இருக்கும். அங்கே ஆர்கானிக் முத்திரை எதுவும் கிடையாது. அந்த அமைதியை எந்தச் சத்து கொடுத்தது என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பசித்த பிறகு சாப்பிட்டது, அளவாகச் சாப்பிட்டது, யாரோ ஒருவர் நமக்காகக் கொண்டுவந்து கொட்டிய அரிசி என்ற நன்றியோடு சாப்பிட்டது, எல்லாம் அதில் இருக்கின்றன.

புதுச்சேரியில் 1910 முதல் வாழ்ந்த அரவிந்தரும் உணவைப் பற்றிக் கேட்ட சீடர்களுக்கு இதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்றைத்தான் எழுதினார். உணவின் மீது பேராசையும் கூடாது, உணவை ஒதுக்கி உடம்பை வாட்டுவதும் கூடாது என்பது அவர் நிலை. சதா சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு பற்றுதான். இன்றைய 'ஹெல்தி' மோகத்தில் எனக்குப் பிடிக்காதது இதுதான். காலையிலிருந்து இரவு வரை எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பவருக்குத் தியானம் கைகூடும் என்று நான் நம்பவில்லை.

எங்கள் வீட்டில் புலால் இல்லை. வள்ளலார் வழியில் வந்த பழக்கம், எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் கடலூர் முதுநகரில் விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு வந்து, கூழுக்கு மத்திக் கருவாடு சுட்டுத் தின்கிறவரிடம் போய், உனக்கு ஆன்மிகம் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் சாப்பாட்டில் பாக்கெட் பொருள் ஒன்றுகூட இல்லை. வாசலில் யார் வந்தாலும் ஒரு சொம்பு கூழ் நீட்டுகிற வீடுகள் அவை.

பண்ருட்டியைச் சொல்லாமல் விட முடியுமா? சித்திரையிலிருந்து ஆடி வரை சாலையோரம் முழுக்கப் பலா குவிந்து கிடக்கும். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறிகிறவர்கள் தயவுசெய்து இனி எறியாதீர்கள். வேகவைத்துத் தோலுரித்து, முருங்கைக்காயோடு குழம்பு வைத்தால் அதற்கு ஈடு கிடையாது, சத்தும் அதிகம். முந்திரி விஷயம் இன்னும் கஷ்டம். கொட்டைக்கு இருக்கிற மதிப்பு பழத்துக்கு இல்லை. பறித்த பழம் ஒருநாள் தாங்காது, கொஞ்சம் காறும் என்பதால் தோப்பிலேயே அழுகிப் போகிறது. ஆரஞ்சைவிடச் சில மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது! நறுக்கி உப்பில் பிசறிவைத்துச் சாப்பிட்டால் காறல் குறையும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே விடியலில் சாய்ந்தன. அதற்குப் பிறகு நட்டு, காத்திருந்து, மீண்டும் காய்க்க வைத்தவர்களின் பழம் இது. கிவி பழத்துக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் இதற்குக் கொடுப்போம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பாதீர்கள். சிறுதானியத்திலும் மாவுச்சத்து இருக்கிறது, அளவு மீறினால் அதுவும் ஏற்றும். வெல்லமும் பனைவெல்லமும் உடம்புக்குச் சர்க்கரைதான். கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கிறது என்பதற்காகக் கரண்டி கரண்டியாகப் போடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, இளநீர், பழம் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். நல்ல உணவு மருந்தின் தேவையைக் குறைக்கலாம், அந்த முடிவு மருத்துவருடையது.

கடைசியாக, இது தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் தீராது. எங்கள் மாவட்டத்தின் மேற்கே விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் வரகும் கம்பும் விளைந்தன. இன்று அங்கே எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம், அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. வரகை விளைவித்தால் வாங்க ஆள் வேண்டும், உமி நீக்க ஊர்ப்பக்கத்தில் மெஷின் வேண்டும். 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. அதைக் கடலூர் மாவட்டத்துக்கும் கொண்டு வர வேண்டும் என்று கேட்போம். அரசுப் பள்ளிக் காலை உணவில் வாரம் ஒருநாளாவது இந்த மாவட்டத்திலேயே விளைந்த கம்போ கேழ்வரகோ வரட்டும். ஏழைப் பிள்ளையின் தட்டுக்கு அது போய்ச் சேராத வரைக்கும் நம் இயற்கை உணவுப் பேச்சு எனக்கு நிறைவு தராது.

விருத்தாசலம், வேப்பூர்ப் பக்கத்தில் இன்னும் வரகு, கம்பு போடுகிறவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த மாதம் அறுவடை, உமி நீக்க எங்கே கொண்டு போகிறீர்கள், மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று சொல்லுங்கள். எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து நேரடியாக வாங்கத் தயாராக இருக்கிறோம். வருகிற மூட்டையில் ஒன்று மாதப் பூசத்தன்று வடலூர் தருமச்சாலைக்கு என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.