“ஒர்க் ஆர்டர் எங்கே?” என்று கேட்கும் நியாயவான்களுக்கு

பந்தல்காரர் பில் விவகாரத்தில், அவருக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று நான் எழுதிய பதிவுக்குக் கீழே வந்த கமெண்ட்டுகளைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. விஷயம் இதுதான். முகாமுக்குப் பந்தல் வேண்டும் என்று ஒரு அரசுத் துறையிலிருந்து பந்தல்காரருக்குப் போன் போகிறது. மனிதர் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுக் கொடுக்கிறார். அதிகாரிகள் அதன் நிழலில் உட்கார்ந்து போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். பில் போனதும், “முறையான ஒப்பந்தம் இல்லை” என்று கைவிரித்தார்கள். அதற்கு நம்ம ஆட்கள்: “ஒர்க் ஆர்டர் இல்லாம வேலை செஞ்சது அவர் தப்பு ப்ரோ.”

சரி, அவர் தப்பு. நிழலில் உட்கார்ந்தது?

சட்டம் தெரியாமல் பொங்குகிறேன் என்கிறார்கள். அரசியல் சாசனம் பிரிவு 299 எனக்கும் தெரியும். அரசு ஒப்பந்தம் என்றால் குடியரசுத் தலைவர் பெயரிலோ ஆளுநர் பெயரிலோ இருக்கவேண்டும், அதிகாரம் பெற்றவர் கையெழுத்திடவேண்டும். இல்லையென்றால் அது அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கதை அங்கே முடியவில்லையே! 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 70-வது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை நீ அனுபவித்தால், ஈடு கொடு, அல்லது வாங்கியதைத் திருப்பிக் கொடு. அனுபவித்தாயா? கொடு. அவ்வளவுதான்.

1944-ல் வங்காளத்தில் ஆரம்பாக் என்ற ஊரில் சிவில் சப்ளைஸ் அதிகாரிகள் கேட்டுக்கொண்டதால் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் கொட்டகைகள் கட்டிக்கொடுத்தது. கேட்ட தொகை 19,325 ரூபாய். “ஒப்பந்தம் செல்லாது” என்று உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது அரசு. 1961 டிசம்பரில் தீர்ப்பு: ஒப்பந்தம் செல்லாது, ஆனாலும் பலனை அனுபவித்தாய், பணத்தைக் கொடு. அதே 1961-ல், ரயில்வே வாங்க மறுத்த தானியத்துக்கு நஷ்டஈடு கேட்ட வியாபாரி தோற்றார். வாங்காத சரக்கில் என்ன பலன்? அந்தத் தீர்ப்பை நான் குறைசொல்லவில்லை. பந்தல் அப்படியா? அதன் கீழேதானே உட்கார்ந்தீர்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், என் மாமா பொக்லைன் வைத்திருந்தவர். ஒரு மழையில் ஏரிக்கரை உடைந்தபோது, “வண்டிய அனுப்புங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்” என்று போன். விடிய விடிய கரையை அடைத்தார். போன் பண்ணியவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “யாரைக் கேட்டு வேலை செஞ்சீங்க?” டீசல் கடனுக்கு அத்தையின் வளையல் போனது. அதைக்கூட மாமா சொல்லமாட்டார். அந்தக் கேள்வியைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

“இப்படி விட்டால் அதிகாரி மச்சானுக்கு வேலை கொடுத்துவிடுவான்.” கொடுப்பான்தான். அவனைப் பிடி. பந்தல்காரரை ஏன் பிடிக்கிறாய்?

“கோர்ட்டுக்குப் போகலாமே.” ஆஹா! அரசு மேல் வழக்குப் போட முதலில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், வாய்தா. இன்னார் போனில் சொன்னார், இத்தனை கால் நட்டேன் என்று எல்லாவற்றையும் நிரூபிக்கவேண்டியவர் அவர். ஜெயித்தாலும் செய்த வேலைக்கு நியாயமான மதிப்புதான் கிடைக்கும், பேசிய ரேட் கிடைக்குமென்று உத்தரவாதமில்லை. மண்டல் கம்பெனிக்கே 17 வருஷம். வாடகைக்குத் தகரம் எடுத்தவர் அதுவரை எதைச் சாப்பிடுவார், உங்கள் கமெண்ட்டையா?

“நீ இந்த ஆட்சிக்கு எதிரி.” எந்த ஆட்சியில் ஐயா போன் வராமல் இருந்தது?

இன்னொன்று கவனித்தீர்களா? பெரிய கம்பெனிகளுக்கு இந்த மாதிரி போன் போவதே இல்லை. அவர்களுக்கு டெண்டர், முத்திரைத்தாள், பொன்னாடை. பேப்பர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பந்தல்காரருக்கும், பொக்லைன்காரருக்கும், சாப்பாடு சப்ளை செய்பவருக்கும்தான். “முடியாது சார், ஆர்டர் கொடுங்க” என்று அவர் சொன்னால் அடுத்த வேலை கிடைக்குமா? அப்போது இதே ஆட்கள் “அவசரத்துல கூட பேப்பர் கேக்கறான் பாரு” என்று எழுதியிருப்பீர்கள். எழுதமாட்டீர்களா?

சட்டம் பேச வருகிறவர்கள் அந்த 70-வது பிரிவை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள். சின்னப் பிரிவுதான். வியாபாரி ஒருவன் தவறுதலாக வீட்டில் விட்டுப்போன சரக்கை வீட்டுக்காரன் தனதென்று எடுத்துக்கொண்டால் அவன் காசு கொடுக்கவேண்டும் என்று உதாரணமே போட்டிருக்கிறது. பந்தல்காரர் தவறுதலாகக்கூட விட்டுப்போகவில்லை. கூப்பிட்டீர்கள், வந்தார்.