6,000 அடி

(மாசி மாத இரவு, ஒன்பது மணி. கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரம். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு மூங்கில் தடி விற்கும் பெரியவர் முன்னால், முதுகைவிடப் பெரிய பையோடு செந்தில் வந்து நிற்கிறான்.)

செந்தில்: அண்ணா, தடி எவ்வளவு?

பெரியவர்: 40 ரூபாய் தம்பி.

செந்தில்: ஒரு குச்சிக்கு 40 ரூபாயா? போட்டோவுக்குத்தானே கேட்கிறேன்!

பெரியவர்: போட்டோவுக்கு என்றால் காசே வேண்டாம். பிடித்துக்கொண்டு நில்லுங்க, எடுத்ததும் வைத்துவிட்டுப் போங்க. ஏறுவதற்கு என்றால் 40.

செந்தில்: ஏறுவதற்கு இது எதற்கு? என் நண்பன் தடி இல்லாமலேயே முன்னால் போய்விட்டான். அப்படி என்ன உயரம்?

பெரியவர்: ஏழு மலை. கிட்டத்தட்ட 6,000 அடி.

செந்தில்: அவ்வளவுதானா! நான் தினமும் 8,000 அடி நடக்கிறேன். இதோ, வாட்ச் காட்டுகிறது பாருங்க.

பெரியவர்: அது எடுத்து வைக்கிற அடி. நான் சொல்வது அளக்கிற அடி. எங்கே நடக்கிறீங்க?

செந்தில்: ஆபீஸில். முழுக்க ஏசி.

பெரியவர்: சரிதான். முதல் மலைப் படிக்கட்டிலேயே உங்க வாட்ச்சுக்கு மூச்சு வாங்கும். பையில் என்ன?

செந்தில்: ஸ்பீக்கர், ட்ரைபாட், பவர் பேங்க் மூன்று, பிரியாணி, தண்ணீர் பாட்டில் நாலு.

பெரியவர்: பாட்டிலை வனத்துறை சோதனையில் காட்டுங்க. ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள், திரும்பக் கொண்டுவந்தால் பணம் கிடைக்கும். டார்ச்?

செந்தில்: போனில் இருக்கிறதே!

பெரியவர்: ஒரு கையில் போன், ஒரு கையில் தடி. வழுக்கினால் எதைப் பிடிப்பீங்க, பல்லாலா? நெற்றியில் கட்டுகிற டார்ச் பக்கத்துக் கடையில் இருக்கும். ஸ்வெட்டர்?

செந்தில்: இப்படி வேர்த்துக் கொட்டுகிறது, ஸ்வெட்டரா?

பெரியவர்: அந்த வேர்வைதான் வில்லன். ஈரச் சட்டையோடு ஏழாவது மலைக் காற்றில் விடியும்வரை உட்கார்ந்து பாருங்க, பல் தானாகத் தாளம் போடும். மாற்றுச் சட்டை ஒன்று, குல்லா ஒன்று வையுங்க. இடம் இல்லையென்றால் ஸ்பீக்கரை இங்கே இறக்குங்க. யானை இருக்கிற காடு. அதற்கு உங்க பாட்டு பிடிக்குமோ என்னவோ!

செந்தில் (ஸ்பீக்கரை இறக்கியபடி): பிரியாணி?

பெரியவர்: அதையும்தான். வயிறு முட்டத் தின்றுவிட்டு யாராவது ஏறுவார்களா? சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி ஏதாவது உண்டா? ஒவ்வொரு சீசனிலும் மேலேயிருந்து டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள். பார்க்கவே மனசு கேட்காது.

செந்தில்: போன மாதம்தான் டெஸ்ட் எடுத்தேன், ஒன்றும் இல்லை. அப்படியே ஏதாவது வந்தாலும் சாமி பார்த்துக்கொள்வார்.

பெரியவர்: சாமி ஏழாவது மலையில் இருக்கிறார். நீங்க மூன்றாவது மலையில் மயங்கினால் யார் பார்ப்பது? மார்பு கனத்தால் வீராப்பு காட்டாமல் உட்காருங்க, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்க. அப்புறம், இறங்குவது சுலபம் என்று மட்டும் நினைக்காதீங்க. ஏறும்போது மூச்சு போகும், இறங்கும்போது முட்டி போகும்.

(போன் அடிக்கிறது. செந்தில் எடுத்து, 'ம்... ம்... ஐயோ... எங்கே?' என்று கேட்டுவிட்டு வைக்கிறான்.)

பெரியவர்: யார், முன்னால் போன நண்பரா?

செந்தில்: ஆமாம். வழுக்குப் பாறைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கண்டுபிடித்துவிட்டானாம்.

பெரியவர்: அடடா! எத்தனை அடி ஏறியிருக்கிறாராம்?

செந்தில்: ஏறியது தெரியவில்லை அண்ணா. பட்டது ரெண்டு அடி. தடி ரெண்டு கொடுங்க.